மின்கிட்டாரும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

தேவாலயப் பாடல் குழுவில் கிட்டார் வாசிக்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவன் பழைய மின்கிட்டார் ஒன்றை வாங்கினான். ஆம்ப்ளிஃபயர் வாங்கப் பணம் மிஞ்சவில்லை. வீட்டில் அவனுடைய அக்காள் பயன்படுத்திய பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. ஒலியைப் பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே, கிட்டாரின் கேபிளைக் கணினியின் ஒலிவாங்கித் துளையில் செருகிவிட்டால் தன் பாடல்களைத் தன் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று அவன் எண்ணினான். பெரிய பிளக்கைச் சிறிய துளைக்குப் பொருத்தும் மாற்றி ஒன்றையும் வாங்கிச் செருகினான்.

ஒலி வந்தது. ஆனால் அது கிட்டாரின் ஒலியாக இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஒருவர் பேசுவது போல மங்கலாக இருந்தது. தந்தியைச் சுண்டும்போது எழும் அந்தக் கூர்மையே காணவில்லை. கிட்டாரைக் கடையில் காட்டியபோது, "பிக்கப் போய்விட்டது, இதைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்" என்றார்களாம். வாங்கிய விலையில் பாதிகூடத் தர அவர்கள் முன்வரவில்லை. "நீ இயற்பியல்தானே படிக்கிறாய்? விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்" என்று அவன் என்னிடம் வந்தான்.

பார்த்ததில் கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. கணினியிலும் குறை இல்லை. இரண்டையும் சேர்த்த இடத்தில்தான் குறை இருந்தது. அந்த இடத்தில் நடப்பது என்ன, அதைச் சரிசெய்வது எப்படி, சரிசெய்தபின் வீட்டிலேயே நல்ல முறையில் பதிவு செய்வது எப்படி என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிட்டாருக்குள் நடப்பது என்ன?

மரக் கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பெட்டியும் அதனுள் உள்ள காற்றும் பெருக்கித் தருகின்றன. மின்கிட்டாரில் அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931ஆம் ஆண்டில் இதற்கான காந்தப் பிக்கப்பை உருவாக்கினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் செய்த அலுமினியக் கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட பிடியும் கொண்டிருந்ததால் அதற்கு 'வறுசட்டி' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. அதன் காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது.

அந்தப் பிக்கப்பின் தத்துவம் நாம் அனைவரும் படித்ததுதான். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அது. தந்திக்குக் கீழே நிலைக்காந்தம் வைக்கப்பட்டுள்ளது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியின் பருமனே உடைய தாமிரக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டுள்ளது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள் வரை இருக்கும். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகில் இருப்பதால் அதுவும் காந்தத் தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறை மின்னழுத்தமும் மாறுகிறது. நைலான் தந்தியைக் கட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

வழக்கமான சுருதியில் கிட்டாரின் ஆறு தந்திகளில் மிகத் தடித்தது 82.4 ஹெர்ட்ஸிலும் மிக மெல்லியது 329.6 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. ஆனால் ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. இந்த மேற்சுரங்களே கிட்டாரைக் கிட்டாராகக் காட்டுகின்றன. மின்கிட்டாரின் தெளிவுக்குக் காரணமான பகுதி பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. இதனை நினைவில் கொள்ள வேண்டும். நண்பனுடைய கிட்டாரில் காணாமற்போனது இந்தப் பகுதியே ஆகும்.

முதலில் மல்டிமீட்டர் கொண்டு கேபிளின் முனையில் தடையை அளந்தோம். ஒலிக் குமிழை முழுவதும் திறந்து வைத்தபோது ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டியது. சுருள் அறுந்திருந்தால் ஒலிக் குமிழின் தடையான 250 கிலோ ஓம் மட்டுமே காட்டியிருக்கும். ஆகவே பிக்கப் நன்றாகவே இருந்தது. விற்பனை அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒலி மங்கியது ஏன்?

இங்கு என் தவறு ஒன்றையும் கூறியாக வேண்டும். பெருமத் திறன் மாற்றத் தேற்றத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். மூலத்தின் மின் எதிர்ப்பும் பளுவின் மின் எதிர்ப்பும் சமமாக இருக்கும்போது பெருமத் திறன் மாற்றம் நிகழும் என்பது அது. ஆகவே, "பிக்கப் 6 கிலோ ஓம், கணினியின் ஒலிவாங்கித் துளை சுமார் 2 கிலோ ஓம், இதை 6 கிலோ ஓம் ஆக்கினால் போதும்" என்று நண்பனிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆசிரியரிடம் இதைக் கூறியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு வேண்டியது திறனா, மின்னழுத்தமா?" என்றார்.

விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஒலிபெருக்கியை அதிரச் செய்வதற்குத் திறன் வேண்டும். கணினிக்கோ மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றினால் போதும். இரு மின் எதிர்ப்புகளும் சமமாக இருந்தால் மூலத்தின் மின்னழுத்தத்தில் பாதி மட்டுமே வெளியே கிடைக்கும். மற்றப் பாதி மூலத்துக்குள்ளேயே இழக்கப்படும். மின்னழுத்தம் முழுவதும் வேண்டுமானால் பெறும் கருவியின் மின் எதிர்ப்பு, தரும் கருவியினுடையதைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும்.

நான் செய்த இரண்டாவது தவறு, மல்டிமீட்டர் காட்டிய 6 கிலோ ஓம் எண்ணையே பிக்கப்பின் மின் எதிர்ப்பு என்று கொண்டதாகும். அது நேர்மின்னோட்டத்துக்கு உரிய தடை. பிக்கப் ஒரு கம்பிச்சுருள். அதற்குத் தன்மின்தூண்டல் எண் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அது 2 முதல் 3 ஹென்றி வரை இருக்கும். மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் உயர உயரச் சுருளின் மின்மறுப்பும் உயரும். 2.5 ஹென்றி என்று கொண்டு கணக்கிட்டால், 82 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு சுமார் 1.3 கிலோ ஓம் மட்டுமே. 4,000 ஹெர்ட்ஸிலோ அது சுமார் 63 கிலோ ஓம் ஆகிவிடுகிறது.

இனி மூன்று வகைத் துளைகளில் என்ன நிகழ்கிறது என்பதைக் காண்போம். கிட்டாரின் குமிழ்களையும் கேபிளையும் எளிமைக்காக இக்கணக்கில் சேர்க்கவில்லை.

(1) 2 கிலோ ஓம் உள்ள ஒலிவாங்கித் துளை: 82 ஹெர்ட்ஸில் பிக்கப்பின் மின்னழுத்தத்தில் 25 விழுக்காடு கிடைக்கிறது. 4,000 ஹெர்ட்ஸில் 3 விழுக்காடே கிடைக்கிறது.

(2) 10 கிலோ ஓம் உள்ள லைன் துளை: 82 ஹெர்ட்ஸில் 62 விழுக்காடு, 4,000 ஹெர்ட்ஸில் 15 விழுக்காடு.

(3) 1 மெகா ஓம் உள்ள துளை: இரண்டு அதிர்வெண்களிலும் 99 விழுக்காடு.

முதல் வரியைப் பாருங்கள். ஒலி முழுவதும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் கணினியில் ஒலி அளவைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் தாழ்ந்த சுரங்கள் கால்பங்காகக் குறையும்போது, உயர்ந்த மேற்சுரங்கள் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன. போர்வைக்குள் பேசுவது போன்ற ஒலிக்குக் காரணம் இதுவே. பிறகு மென்பொருளில் உயர் அதிர்வெண்களைக் கூட்டினால் அவற்றோடு இரைச்சலும் சேர்ந்தே கூடும். நோயைப் பிறக்கும் இடத்தில்தான் தீர்க்க வேண்டும்.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. கிட்டார் கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் ஆகும். சுருளும் இந்த மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. சுருளின் சொந்த மின்தேக்குத்திறனாக 100 பிக்கோஃபாரட் சேர்த்துக் கணக்கிட்டால், 5 மீட்டர் கேபிளுக்கு ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 4,100 ஹெர்ட்ஸ் ஆகிறது. 10 மீட்டர் கேபிளுக்கு அது சுமார் 3,000 ஹெர்ட்ஸாக இறங்கிவிடுகிறது. நீண்ட கேபிளில் ஒலி சற்று மங்குவதாக வாசிப்பவர்கள் சொல்வது கற்பனையன்று.

இணைக்கும் வழிகள்

முதலில் துளைகளை அடையாளம் காண வேண்டும். கிட்டாரின் பிளக் 6.35 மில்லிமீட்டர் விட்டமுடையது. 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் பெண்கள் செருகி எடுத்த பிளக்கின் அளவே அது. கணினியின் துளை 3.5 மில்லிமீட்டர். பழைய கணினிகளில் ஒலிவாங்கிக்குத் தனித்துளை உண்டு. புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான் உள்ளது. அதில் நான்கு தொடுமுனைகள். முதல் இரண்டும் காதணி ஒலிப்பானுக்கு உரியவை. கிட்டார் பிளக்கின் நுனி அதில் சென்று தொடுவது ஒலி வெளிவரும் முனையைத்தான். ஆகவே அங்கே நேராகச் செருகினால் எதுவும் பதிவாகாது. பிரித்துத் தரும் இணைப்பான் ஒன்று தேவைப்படும். அன்றியும் ஒலிவாங்கித் துளையில், ஒலிவாங்கியை இயக்குவதற்கென 2 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். கிட்டாரின் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்பதற்கு அதுவே காரணம்.

முதல் வழி, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கருவியை இடையில் வைப்பதாகும். யு.எஸ்.பி. கேபிள் மூலம் கணினியுடன் இணையும் சிறு பெட்டி இது. இதன் முகப்பில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறிக்கப்பட்ட பொத்தான் அல்லது துளை இருக்கும். அதுவே கிட்டாருக்கு உரியது. அதன் மின் எதிர்ப்பு பெரும்பாலும் 1 மெகா ஓம் அளவில் இருக்கும். பெட்டியை வாங்கியும் அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால், முன்னே கண்ட 10 கிலோ ஓம் கணக்கே மீண்டும் வந்து சேரும். பொருளாதார வசதி இருந்தால் இதுவே சிறந்த வழி. நூல்முனைபோல ஒரு பக்கம் கிட்டார் பிளக்கும் மறுபக்கம் யு.எஸ்.பி. முனையும் கொண்ட எளிய கேபிள்களும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் உள்ளீட்டு மின் எதிர்ப்பு எவ்வளவு என்று பார்ப்பது நலம்.

இரண்டாவது வழி, நம் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது. செயல்பாட்டுப் பெருக்கியை மின்னழுத்தப் பின்பற்றியாக அமைக்கும் சோதனையை நாம் செய்கிறோம். வெளியீடும் உள்ளீடும் சமம் என்று கண்டு, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். பெருக்கமே இல்லாத பெருக்கி எதற்கு என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அதன் பயன் இங்கேதான் எனக்கு விளங்கியது. அதன் உள்ளீட்டு மின் எதிர்ப்பு மிக அதிகம். வெளியீட்டு மின் எதிர்ப்பு மிகக் குறைவு. மெலிந்த மூலத்துக்கும் பசித்த பளுவுக்கும் நடுவில் நிற்க ஏற்றது அதுவே.

சுற்றின் அமைப்பு வருமாறு: டி.எல்.071 என்னும் ஐ.சி. கொள்க. நமக்குப் பழக்கமான 741இன் கால் அமைப்பே இதற்கும், இரைச்சல் குறைவு. 7ஆம் காலை 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையுடனும் 4ஆம் காலை எதிர்முனையுடனும் இணைக்கவும். மின்கலத்தின் குறுக்கே இரண்டு 10 கிலோ ஓம் தடைகளைத் தொடராக வைத்தால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் கிடைக்கும். அந்தப் புள்ளியையும் எதிர்முனையையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியால் இணைத்து நிலைப்படுத்தவும். நடுப்புள்ளியிலிருந்து 1 மெகா ஓம் தடை வழியாக 3ஆம் காலுக்கு இணைப்புத் தரவும். கிட்டாரின் மின்சைகை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக அதே 3ஆம் காலுக்கு வர வேண்டும். 2ஆம் காலும் 6ஆம் காலும் ஒன்றாக இணைக்கப்பட வேண்டும்.

6ஆம் காலிலிருந்து வெளியீடு பெறுகிறோம். அங்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, அதன் நேர்முனை ஐ.சி.யின் பக்கம் இருக்குமாறு வைத்து, அதனைத் தொடர்ந்து 10 கிலோ ஓம் தடை வைக்கவும். தடையின் மறுமுனையே கணினியின் ஒலிவாங்கித் துளைக்குச் செல்வது. அந்த முனைக்கும் எதிர்முனைக்கும் இடையில் 1 கிலோ ஓம் தடை ஒன்று வேண்டும். கிட்டார் தரும் மின்னழுத்தம் பலமாகச் சுண்டும்போது அரை வோல்ட்டுக்கும் மேலே போகலாம். ஒலிவாங்கித் துளை தாங்குவது அதைவிட மிகக் குறைவு. கடைசி இரண்டு தடைகளும் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துத் தருகின்றன. கிட்டார், மின்கலம், கணினி மூன்றின் பொதுமுனைகளும் ஒன்றாக இணைக்கப்பட வேண்டும். முழுவதையும் உலோக டப்பாவுக்குள் வைத்து, டப்பாவையும் பொதுமுனையுடன் இணைத்தால் வெளி இரைச்சல் குறையும்.

மூன்றாவது வழி, ஆம்ப்ளிஃபயர் உள்ளவர்களுக்கு. அதன் 'லைன் அவுட்' அல்லது காதணித் துளையிலிருந்து கணினியின் லைன் துளைக்கு இணைக்கலாம். ஒலிபெருக்கிக்குச் செல்லும் துளையிலிருந்து மட்டும் ஒருபோதும் இணைக்கக் கூடாது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 10 வாட் திறன் தரும் சிறிய ஆம்ப்ளிஃபயர்கூட அத்துளையில் சுமார் 9 வோல்ட் தரும். மில்லிவோல்ட்டுகளுக்காகச் செய்யப்பட்ட துளைக்கு அது மரண அடியாகும்.

இசை எண்ணாக மாறுதல்

கணினிக்கு அலை தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. ஓர் அலையை முழுமையாக மீட்க வேண்டுமானால், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட முறை அளக்க வேண்டும். நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகளோடு இணைத்துப் பேசப்படும் தேற்றம் இது. மனிதச் செவி கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்குச் சற்று மேலே, நொடிக்கு 44,100 முறை என்ற அளவு 1982இல் வெளிவந்த குறுந்தட்டுக்கு வகுக்கப்பட்டது. கிட்டாருக்கு அதுவே தாராளம். 96,000 என்று வைத்தால் வட்டில் இடம்தான் கூடுதலாகச் செலவாகும்.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுண்படிகளில் குறிப்பது என்பது அடுத்த கேள்வி. 16 பிட் எனில் 65,536 படிகள். 24 பிட் எனில் 1,67,77,216 படிகள். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் வீச்சைக் கூட்டுகிறது. 24 பிட்டில் பதிவு செய்வதன் நன்மை, அச்சமின்றி ஒலி அளவைத் தாழ்த்தி வைக்கலாம் என்பதே. மென்பொருளில் 0 டெசிபல் என்பது மேல் எல்லை. அதைத் தாண்டிய அலையின் உச்சி வெட்டப்பட்டுவிடும். வெட்டியதை எந்த மென்பொருளாலும் முழுமையாக ஒட்ட முடியாது. ஆகவே மிகப் பலமாகச் சுண்டிப் பார்த்து, உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலை ஒட்டி, அதாவது எல்லையில் கால்பங்கு அளவில் நிற்குமாறு வைக்க வேண்டும். 44,100 வீதத்தில் 24 பிட்டில் ஒரு தடப் பதிவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட் இடம் போதும். பழைய கணினிக்கும் இது சுமையன்று.

தாமதம் என்னும் இடையூறு

நண்பன் அடுத்ததாகக் கொண்டுவந்த குறை இது: "சுண்டிய பிறகு சற்று நேரம் கழித்துத்தான் காதில் கேட்கிறது, தாளம் பிசகுகிறது." கணினி மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாளுவதில்லை, ஒரு கூடை நிரம்பியதும் கூடையோடு எடுக்கிறது. இக்கூடைக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எனில், 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் நிரம்ப 21.3 மில்லிநொடி ஆகும். உள்ளே ஒரு கூடை, வெளியே ஒரு கூடை என இரு மடங்காகக் கொண்டால் 42.7 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் பதினாலரை மீட்டர் தூரம் சென்றுவிடும். அத்தனை தூரத்தில் ஒலிபெருக்கியை வைத்து வாசிப்பது போன்றது அது. பஃபரை 256 ஆகக் குறைத்தால் இரு கூடைக்கும் 10.7 மில்லிநொடியே, சுமார் மூன்றரை மீட்டர் தூரம்தான். மேடையில் வாசிப்பவர்களுக்கு இது பழகிய தூரம்.

விண்டோஸ் கணினிகளில் இதற்கென ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய ஆசியோ என்னும் முறை உள்ளது. இன்டர்ஃபேஸுடன் வரும் ஆசியோ இயக்கியை நிறுவினால் தாமதம் பெரிதும் குறையும். 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தான் உள்ள இன்டர்ஃபேஸ்களில் ஒலி கணினிக்குள் செல்லாமலேயே காதணிக்கு வந்துவிடுவதால் தாமதமே தெரியாது.

பதிவு செய்யும் முறை

நேரடியாகப் பதிவான கிட்டார் ஒலி மெலிந்தே இருக்கும். நாம் கேட்டுப் பழகிய மின்கிட்டார் ஒலியில் பாதி, ஆம்ப்ளிஃபயரும் அதன் ஒலிபெருக்கியும் தந்ததாகும். கிட்டாருக்கான ஒலிபெருக்கி, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் ஒடுக்கிவிடும். இதைக் கணக்கீட்டால் செய்து காட்டும் மென்பொருள்கள் இன்று உள்ளன. கிட்டாரிக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. பதிவுக்கு ஆடாசிட்டி, ஆர்டோர் போன்றவை உதவும். இவற்றைப் பயன்படுத்துவோர் ஒரு விதியைக் கடைப்பிடிப்பது நன்று: பதிவாவது தூய கிட்டார் ஒலியாக இருக்கட்டும், அலங்காரத்தை அதன்மேல் பிறகு சேர்க்கலாம். பிடிக்காவிட்டால் அலங்காரத்தை மட்டும் மாற்றலாம். மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை.

முதலில் தாளக்கருவியின் தட்டலை ஒரு தடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தடத்தில் அடிப்படை வாசிப்பையும் அதற்கடுத்ததில் தனி வாசிப்பையும் பதிவு செய்யலாம். ஒருவரே பலராக வாசிக்கும் இம்முறை வீட்டில் பிறந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால், தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிட்டாரைப் பதிவு செய்து 1948இல் 'லவ்வர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ஒலிக்கும் எட்டுக் கிட்டார்களையும் வாசித்தவர் அவர் ஒருவரே.

இரைச்சலும் எச்சரிக்கையும்

மங்கல் நீங்கியதும் வேறொன்று காதில் விழும். அதுதான் 'ம்ம்' என்ற முனகல். வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைப் பிக்கப்பின் சுருள் பிடித்துக்கொள்கிறது. தந்தியின் அதிர்வுக்கும் மின்கம்பியின் புலத்துக்கும் சுருள் வேறுபாடு பார்ப்பதில்லை. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்குத் தீர்வு கண்டார். எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு சுருள்களை இணைத்து முனகலை ஒன்றுக்கொன்று அழியச் செய்யும் 'ஹம்பக்கர்' பிக்கப் அதுவே. ஒற்றைச் சுருள் கிட்டார் வைத்திருப்போர் செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினால் ஏதோ ஒரு திசையில் முனகல் மிகக் குறைவாக இருக்கும். அத்திசையில் அமர்ந்து வாசிக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்குவதும் பெரும் பயன் தரும்.

சார்ஜரைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்டாரின் தந்திகள் கேபிளின் பொதுமுனை வழியாகக் கணினியுடனோ ஆம்ப்ளிஃபயருடனோ இணைந்துள்ளன. வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் தந்தியின் மேல் இருக்கின்றன. எர்த் இல்லாத இரண்டு முனை சார்ஜர் மாட்டிய கணினியைத் தொட்டால் விறுவிறு என்று இருப்பதை நம்மில் பலர் உணர்ந்திருப்போம். பழுதான ஆம்ப்ளிஃபயர் எனில் விறுவிறுப்போடு நிற்காது. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மின் தாக்கி இறந்தார். முனகல் குறைகிறது என்பதற்காக ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிடும் பழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். ஈரக் கைகளோடும் ஈரத் தரையிலும் வாசிக்கக் கூடாது. எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்த பிறகே ஆம்ப்ளிஃபயரை இணைக்க வேண்டும். எந்தப் பாடலும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

முடிவுரை

நாங்கள் அமைத்த சுற்று, பழைய சோப்பு டப்பா ஒன்றில் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி வைக்கப்பட்டுள்ளது. பார்வைக்கு அழகில்லை. ஆனால் அதைச் செருகிய அன்று நண்பன் முதல் தந்தியைச் சுண்டியதும், மேற்சுரங்கள் எல்லாம் ஒருசேரத் திரும்பி வந்தன. கிட்டாரை அவன் விற்கவில்லை. பிக்கப்பையும் மாற்றவில்லை.

எனக்கும் ஒன்று கிடைத்தது. பெருமத் திறன் மாற்றத் தேற்றம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது இப்போது தெரியும். சரியான தேற்றத்தைத் தவறான இடத்தில் பொருத்தினால் தவறான விடையே வரும் என்பதும் தெரியும். கொடுப்பவர் எளியவராக இருந்தால் வாங்குபவர் குறைவாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் அவரிடம் உள்ளது குறையாமல் வந்து சேரும். 1 மெகா ஓம் துளை செய்வது அதைத்தான். வீட்டில் மின்கிட்டாரை வைத்துக்கொண்டு மங்கலான ஒலியோடு போராடும் மாணவ நண்பர்கள் யாரேனும் இருந்தால், கிட்டாரின்மேல் பழி போடுமுன் அது எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.